ரசிகர் புனைகதைப் புள்ளிவிவரங்கள்: பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகர் வட்டத்துக்காகச் சிறு கணக்கெடுப்பு நடத்துபவர்கள், இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்த மாணவர்கள், இணையத்தில் ஒரு விழுக்காட்டைப் பார்த்துவிட்டு நம்பலாமா என்று தயங்குபவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது "இதில் யாரை எண்ணினார்கள், யார் விடுபட்டார்கள்?" என்பதுதான். மலேசியத் தமிழர்கள் பெரும்பாலும் விடுபட்ட பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வி நமக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

ரசிகர் புனைகதை என்று எதைக் கணக்கில் சேர்ப்பது?

ஏற்கெனவே உள்ள நாவல், படம், தொடர், விளையாட்டு ஆகியவற்றின் பாத்திரங்களையோ உலகத்தையோ எடுத்துக்கொண்டு, வாசகரே விலை இல்லாமல் எழுதிப் பகிரும் கதை. இந்த வரையறையைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தமிழில் "இணையக் கதை" என்று கேட்டால், பிரதிலிபி, வாட்பேட் போன்ற கதைத் தளங்களில் சொந்தப் பாத்திரங்களை வைத்துத் தொடர்கதை எழுதுபவரும் "ஆம்" என்பார். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியே இல்லை. நடிகர்கள், பாடகர்கள் போன்ற உண்மை மனிதர்களைப் பற்றிய கதைகளைச் சேர்க்கிறீர்களா இல்லையா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தென்கொரிய இசைக்குழுக்களைச் சார்ந்த கதைகள் மிகுதி என்பதால், இந்த ஒரு முடிவே உங்கள் எண்களைத் தலைகீழாக மாற்றும்.

நம்பத்தக்க தரவு எங்கே கிடைக்கிறது?

மூன்று இடங்களைச் சொல்லலாம்.

முதலாவது ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன், சுருக்கமாக ஏஓ3. இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு நடத்தும் இந்த ரசிகர் புனைகதைத் தளம் 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2014 பிப்ரவரியில் 1 மில்லியன் படைப்புகள், 2019 ஜூலையில் 5 மில்லியன், பின்னர் 10 மில்லியனையும் தாண்டியது. 2021 மார்ச்சில் புள்ளிவிவர ஆர்வலர்களுக்கென்றே ஒரு தரவுத் தொகுப்பைத் தளமே வெளியிட்டது. அதில் 7 மில்லியனுக்கும் மேற்பட்ட படைப்புகளுக்கு உருவாக்கிய தேதி, மொழி, பூட்டப்பட்டதா (கணக்கில் நுழைந்தவர்களுக்கு மட்டும் தெரிவதா), முடிந்ததா, சொல் எண்ணிக்கை, குறிச்சொற்கள் ஆகியவை உள்ளன. தலைப்பு, ஆசிரியர் பெயர், கதையின் வரிகள் எதுவும் இல்லை. ஆய்வு பழகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் இல்லை: யாருக்கும் தொல்லை இல்லை, அனுமதி பெற்ற தரவு, ஒரு மடிக்கணினியில் அடங்கும்.

இரண்டாவது, 1998-ல் தொடங்கிய பேன்பிக்ஷன் நெட் தளத்தை வைத்து வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த பணி. சுமார் 6.8 மில்லியன் கதைகள், 176 மில்லியன் பின்னூட்டங்கள், 61.5 பில்லியன் சொற்கள் கொண்ட தொகுப்பு அது.

மூன்றாவது, வாசகர்களே நடத்திய கருத்துக்கணிப்புகள். அளவில் பெரியவையும் உண்டு. ஆனால் பங்கேற்றவர்கள் தாமாக முன்வந்தவர்கள்.

"எழுதுபவர்களில் 80 விழுக்காட்டினர் பெண்கள்" என்கிறார்களே, உண்மையா?

இந்த எண் பெரும்பாலும் 2013-ல் ஏஓ3 பயனர்களிடம் ஒரு வாசகர் நடத்திய கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. 10,005 பேர் பதில் தந்தனர். ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் தம்மைப் பெண் என்று குறித்தனர். ஆண் என்று குறித்தவர்களைவிட, ஆண் பெண் என்ற இரண்டுக்குள் தம்மை அடக்காதவர்கள் அதிகமாக இருந்தனர்.

பதில் தந்த 10,005 பேரைப் பற்றிய செய்தியாக இது சரி. பொதுவாக "எழுதுபவர்கள்" பற்றிய செய்தியாகச் சரியல்ல. படிவம் பெரும்பாலும் டம்ப்ளர் என்ற சமூக வலைத்தளம் வழியாகப் பரவியது, ஆங்கிலத்தில் இருந்தது, பதில் தந்தவர்களில் வாசிக்க மட்டும் வருபவர்களும் உண்டு. டம்ப்ளரில் கணக்கு இல்லாத, கைப்பேசியில் வாட்பேட் மட்டும் திறக்கும் கோலாலம்பூர் செந்தூல் மாணவி அந்தக் கணக்கில் இல்லை. பெண்கள் பெரும்பான்மை என்ற திசை வேறு தரவுகளிலும் தெரிகிறது: 2010-ல் பேன்பிக்ஷன் நெட்டில் சேர்ந்தவர்களின் சுயவிவரப் பக்கங்களைப் பார்த்த ஓர் ஆய்வில், பாலினத்தைச் சொன்னவர்களில் 78 விழுக்காட்டினர் பெண்கள். ஆகவே "பெரும்பான்மையினர் பெண்கள்" என்று எழுதலாம். "80" என்று எழுதினால், எந்த ஆண்டு, எந்தத் தளம், எப்படிச் சேகரித்தது என்ற மூன்றையும் அதே வாக்கியத்தில் சேர்த்து எழுதுங்கள்.

சராசரி வயது 15 என்று ஓரிடத்திலும் 25 என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. எது சரி?

இரண்டும் வெவ்வேறு ஆட்களைப் பற்றியவை. 15-ஐ ஒட்டிய எண் பேன்பிக்ஷன் நெட்டின் சுயவிவரங்களிலிருந்து வந்தது. அங்கே வயதை எழுதியவர்கள் மொத்தத்தில் சிறு பகுதியினர். தன் வயதை ஆர்வத்தோடு எழுதி வைப்பது பதின்ம வயதினரின் பழக்கம், முப்பது வயதுக்காரர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். 25-ஐ ஒட்டிய எண் ஏஓ3 கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அங்கே கணக்குத் தொடங்க அழைப்பு வேண்டும், படிவம் நீளம், வயது வந்தோருக்கான கதைகள் அனுமதிக்கப்படும் தளம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 20 என்று எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். அப்படி ஒரு கூட்டம் எங்கேயும் இல்லை.

பின்னூட்டம் எழுத்தை வளர்க்கும் என்பதற்கு எண் இருக்கிறதா?

இருக்கிறது. மேலே சொன்ன வாஷிங்டன் ஆய்வில், ஓர் எழுத்தாளர் பெற்ற ஏறத்தாழ 650 பின்னூட்டங்கள், ஓராண்டு வயது கூடுவதால் வரும் சொல்வள வளர்ச்சிக்கு இணையாகத் தென்பட்டன. அளந்தது சொல்வளத்தின் பன்முகத்தன்மையை மட்டுமே. கதையின் தரத்தை அல்ல. அது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. நன்றாக எழுதுபவருக்குப் பின்னூட்டம் கூடுதலாக வருவதும் இயல்புதான். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இந்த எண்ணை மேடையில் சொல்லும்போது, அது ஆங்கிலக் கதைகளில் எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

தமிழில் எத்தனை கதைகள் இருக்கின்றன என்று எப்படி எண்ணுவது?

ஏஓ3-ல் படைப்புத் தேடல் பக்கத்தில் மொழி என்ற கட்டத்தில் தமிழைத் தேர்ந்தால், முடிவுப் பக்கத்தின் மேலே எண்ணிக்கை வரும். இதை இரண்டு முறை செய்யுங்கள்: ஒருமுறை கணக்கில் நுழையாமல், ஒருமுறை நுழைந்து. பூட்டப்பட்ட கதைகள் நுழைந்தவர்களுக்கே தெரியும். இரண்டு எண்களின் இடைவெளிதான் பூட்டிய கதைகள். பார்த்த தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதோடு வேலை முடியவில்லை. வந்த பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மூன்று வகைப் பிழை இருக்கும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்க் கதையை ஒருவர் தமிழ் என்று குறித்திருப்பார், இன்னொருவர் ஆங்கிலம் என்று குறித்திருப்பார். உரையாடல் மட்டும் தமிழ், கதை சொல்வது ஆங்கிலம் என்றால் எதையும் தேர்ந்திருப்பார்கள். முழுத் தமிழ்க் கதையையே கவனிக்காமல் ஆங்கிலம் என்று விட்டவர்களும் உண்டு; இவர்கள் மொழி வடிகட்டியில் சிக்கவே மாட்டார்கள். தமிழ்ப் படம், தமிழ் நாவல் சார்ந்த குறிச்சொற்களில் மொழி வடிகட்டி இல்லாமல் ஒருமுறை தேடினால்தான் இவர்கள் கிடைப்பார்கள்.

ஆகவே "தமிழ்க் கதை" என்பதற்கு இரண்டு எண்களைத் தனித்தனியாகத் தருவதே நேர்மை: தமிழ் எழுத்தில் எழுதியவை, தமிழ் மூலத்தைச் சார்ந்து எந்த மொழியிலும் எழுதியவை. மலேசியாவில் இரண்டாவது வகை மிக முக்கியம். தேசியப்பள்ளியில் படித்து, தமிழ் பேசவும் கேட்கவும் தெரிந்து, வாசிக்கத் தடுமாறும் இளையோர் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். அவர்களைத் தமிழ் ரசிகர் இல்லை என்று தள்ளுவது தவறு.

குறிச்சொற்களைக் கூட்டினால் மொத்தம் மிகையாக வருகிறது. ஏன்?

ஒரு கதைக்குப் பல குறிச்சொற்கள் இருக்கலாம், குறிச்சொற்களுக்குள்ளும் தாய், சேய் உறவு உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் சார்ந்த எல்லாவற்றையும் அடக்கும் பெரிய குறிச்சொல்லின் கீழே தொலைக்காட்சித் தொடருக்கான குறிச்சொல் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஒரே கதையை இருமுறை எண்ணுகிறீர்கள். பெரியதை மட்டும் எடுங்கள், அல்லது சிறியவற்றை எடுத்து ஒவ்வொரு கதையின் அடையாள எண்ணையும் வைத்து இரட்டிப்பை நீக்குங்கள். 2021 தொகுப்பில் ஒரே பொருள் கொண்ட குறிச்சொற்கள் எதனுடன் இணைக்கப்பட்டன என்பதற்கு ஒரு நெடுவரிசை உண்டு. அதைப் பயன்படுத்தாமல் எண்ணினால் "அர்ஜுன்" ஒருவரே நான்கு பேராவார்.

அடையாள எண் பற்றி இன்னொன்று: கதையின் எண் எவ்வளவு பெரிதோ அத்தனை கதைகள் இருக்கின்றன என்று கொள்ளக்கூடாது. அழிக்கப்பட்டவையும் வெளியிடாத வரைவுகளும் எண்ணைத் தின்றுவிடும்.

பார்வை, குடோஸ், கருத்துரை: எதை அளவுகோலாக எடுக்கலாம்?

குடோஸ் என்பது ஏஓ3-ல் கதை பிடித்திருந்தால் அழுத்தும் பாராட்டுப் பொத்தான்; ஒரு கணக்குக்கு ஒரு கதையில் ஒருமுறைதான். எத்தனை பேர் விரும்பினார்கள் என்பதற்கு அதுவே கிட்டத்தட்டச் சரியான அளவு. பார்வை எண்ணிக்கை அத்தியாயம் கூடக் கூட வீங்கும்: 30 அத்தியாயக் கதைக்கு வாசகர் மீண்டும் மீண்டும் வருகிறார். கருத்துரை எண்ணிக்கையில் ஆசிரியரே எழுதிய பதில்களும் சேரும். எல்லோருக்கும் நன்றி சொல்லும் பண்புள்ள எழுத்தாளருக்கு எண் இரட்டிப்பாகத் தெரியும். குடோஸைப் பார்வையால் வகுத்துக் கதைகளை ஒப்பிட வேண்டுமென்றால், ஒரே அத்தியாயம் உள்ளவற்றை மட்டும் தம்முள் ஒப்பிடுங்கள்.

சராசரி எடுத்தால் போதாதா?

போதாது. பத்துக் கதைகளுக்கு 3, 4, 5, 6, 7, 8, 9, 12, 20, 926 குடோஸ் என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பத்தால் வகுத்தால் 100. இடைநிலை, அதாவது வரிசையின் நடு எண், 7.5. "ஒரு கதைக்குச் சராசரியாக 100 பேர்" என்று எழுதினால் பத்தில் ஒன்பது எழுத்தாளர்கள் தாம் தோற்றுவிட்டதாக நினைப்பார்கள். இந்தத் துறையின் எண்கள் அனைத்தும் இப்படித்தான் சாய்ந்திருக்கும். இடைநிலையையும், கால்பகுதி, முக்கால்பகுதி எண்களையும் தாருங்கள்.

தமிழ்க் கதைகளின் சொற்களை எண்ணும்போது எண் தாறுமாறாக வருவது ஏன்?

இதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் சரிசெய்ய முடியும்.

முதலும் மோசமானதும் கருவியின் பிழை. பைத்தான் நிரல்மொழியோடு வரும் வழக்கமான தேடல் நூலகத்தில் "சொல்லெழுத்து" என்பதற்கான சுருக்கக் குறி, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. "கோலாலம்பூர்" என்ற ஒரே சொல்லை அது க, ல, லம, ப, ர என்று ஐந்து துண்டாக வெட்டும். "தமிழ்" இரண்டு துண்டாகும். ஆங்கிலக் கதைகளுக்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்துப் போட்ட ஆய்வேடுகளில், தமிழ்க் கதைகள் அதிசயமாக நீளமாகத் தெரிவது இதனால்தான். வெற்றிடத்தை வைத்துப் பிரித்தால் இந்தப் பிழை போய்விடும். பிறகு வெறும் நட்சத்திரக் குறிகளும் கோடுகளும் மட்டும் உள்ள துண்டுகளை நீக்குங்கள். எந்தக் கருவியாக இருந்தாலும் முதலில் "கோலாலம்பூர்" என்று ஒரு சொல்லைக் கொடுத்து, 1 என்று வருகிறதா என்று பாருங்கள். பத்து நொடி வேலை.

இரண்டாவது, எழுத்து எண்ணிக்கை. அதே சொல்லில் நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு 11 குறியீடு. சேமிக்கும் கோப்பில் 33 பைட். எழுத்தை அளவாகக் கொண்டு ஆங்கிலக் கதையோடு ஒப்பிட்டால் தமிழ் வீங்கித் தெரியும்.

மூன்றாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு குறியீட்டு வடிவம். "கோ" என்பதன் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டாகவும் வரலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடினால் பாதி கிடைக்காது. தரவு முழுவதையும், இரண்டையும் ஒரே குறியீடாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே எண்ணத் தொடங்குங்கள்.

நான்காவது, பழைய கோப்புகள். யூனிகோடுக்கு முந்தைய தஸ்கி போன்ற குறியீட்டில் சேமித்த கதைகள் இப்போது திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாடு இது. அந்தக் காலத்திலிருந்து தமிழில் தட்டச்சு செய்தவர்களிடம் இத்தகைய கோப்புகள் இருக்கும். தூக்கி எறியாமல் மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள்.

கடைசியாக, பிழையே இல்லாத ஒரு வேறுபாடு: தமிழ் ஒட்டு மொழி. "வந்துவிட்டிருக்கலாம்" இங்கே ஒரு சொல்; ஆங்கிலத்தில் மூன்று நான்காகும். ஒருவர் "வந்துவிட்டது" என்று சேர்த்தும், இன்னொருவர் "வந்து விட்டது" என்று பிரித்தும் எழுதுவதால் தமிழுக்குள்ளேயே எண் மாறும். எனவே "தமிழ்க் கதைகள் ஆங்கிலக் கதைகளைவிடக் குட்டையானவை" என்ற முடிவைச் சொல் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். தமிழைத் தமிழோடு ஒப்பிடுங்கள்.

எக்செலில் திறந்தால் தமிழ் சிதைந்து வருகிறது.

கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், எக்செலின் தரவு இறக்குமதி வழியாகத் திறந்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். சேமிக்கும்போதும் சிஎஸ்வி யூடிஎஃப்-8 வகையையே தேர்ந்தெடுங்கள். சிதைந்த நிலையில் ஒருமுறை சேமித்துவிட்டால் மீட்பது கடினம். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு படியை வைத்து வேலை செய்யுங்கள்.

384 பேர் இருந்தால் போதும் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். சரியா?

1970-ல் கிரெஜ்சியும் மோர்கனும் தந்த அட்டவணையிலிருந்து வரும் எண் அது. நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் அதை அடிக்கடி பார்க்கலாம். மொத்தம் எத்தனை பெரிதானாலும் 384 பேர் இருந்தால் பிழை எல்லை 5 விழுக்காட்டுக்குள் இருக்கும். 200 பேர் கொண்ட வட்டமென்றால் 132 பேர்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது: மொத்தப் பேரின் பட்டியல் கையில் இருக்க வேண்டும்; அதிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்திருக்க வேண்டும். மலேசியத் தமிழ் ரசிகர் புனைகதை வாசகர்களுக்கு அப்படிப் பட்டியல் கிடையாது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படிவத்தைப் பகிர்ந்து 384 பேர் நிரப்பினால், அது 384 பேர் கொண்ட வசதி மாதிரி, அதாவது கைக்கு எட்டியவர்களின் கூட்டம். பிழை எல்லை போட இடமில்லை. 3,000 பேர் நிரப்பினாலும் அதே நிலைதான். ஆட்கள் கூடுவதால் சாய்வு குறைவதில்லை.

அந்த அட்டவணை உண்மையாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. ஒரு மூடிய குழுவில் 200 உறுப்பினர் இருக்கிறார்கள், பட்டியல் நிர்வாகியிடம் இருக்கிறது என்றால், 132 பேரைக் குலுக்கித் தேர்ந்து தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள். பதில் தராதவர்களுக்கு இரண்டு நினைவூட்டல். அப்படிக் கிடைக்கும் 100 பதில், பொதுவில் பகிர்ந்து கிடைக்கும் 1,000 பதிலைவிட மதிப்புள்ளது.

படிவத்தில் கேள்விகளை எப்படி அமைப்பது?

15 முதல் 18 கேள்விகள், 8 நிமிடத்துக்குள். அதைத் தாண்டினால் கைப்பேசியில் நிரப்புபவர்கள் பாதியில் போய்விடுவார்கள்; யார் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

"அடிக்கடி வாசிப்பீர்களா?" என்று கேட்காதீர்கள். ஒருவருக்கு அடிக்கடி என்பது தினமும், இன்னொருவருக்கு மாதம் ஒருமுறை. "கடந்த 7 நாளில் எத்தனை நாள் வாசித்தீர்கள்?" என்று கேளுங்கள். "வாசிப்பீர்களா, எழுதுவீர்களா?" என்று ஒரே கேள்வியில் இரண்டைத் திணிக்காதீர்கள்.

மொழிக் கேள்வியை நான்காகப் பிரிப்பது நம் ஊருக்கு அவசியம்: வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள், தமிழ் எழுத்தைச் சரளமாக வாசிப்பீர்களா, கதைகளை எந்த மொழியில் வாசிக்கிறீர்கள், எந்த மொழியில் எழுதுகிறீர்கள். மூன்றாவதிலும் நான்காவதிலும் பல விடைகளைத் தேர்வு செய்ய விடுங்கள். "ஆங்கில எழுத்தில் தமிழ்" என்பதைத் தனி விடையாக வையுங்கள். தமிழ்ப்பள்ளியில் எத்தனை ஆண்டு படித்தார் என்பதை 0 முதல் 6 வரை எண்ணாகக் கேட்டால், "தமிழ்ப்பள்ளி மாணவரா?" என்ற ஆம், இல்லையைவிட அதிகம் தெரியும்.

இடத்தைக் கேட்கும்போது "கோலாலம்பூர்" என்று மட்டும் வைத்தால் கிள்ளான், பூச்சோங், ரவாங் வாசிகளும் அதையே அழுத்துவார்கள். கூட்டரசுப் பிரதேசம், சிலாங்கூர் என்று இரண்டாக வையுங்கள். பினாங்கையும் தீவு, செபராங் பிறை என்று பிரியுங்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயர் வேண்டாம்.

படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், முடிந்தால் மலாயிலும். வெறும் தமிழ்ப் படிவம் வைத்தால், வாசிக்கத் தடுமாறுபவர்களை முதல் திரையிலேயே வெளியே அனுப்பிவிட்டு, பிறகு "எல்லோரும் தமிழ் வாசிக்கிறார்கள்" என்று முடிவு எழுதுவீர்கள். வயது, பாலினம், ஊர் ஆகியவற்றைக் கடைசியில் கேளுங்கள். எந்தக் கேள்வியையும் கட்டாயமாக்காதீர்கள். "சொல்ல விரும்பவில்லை" என்ற விடை ஒவ்வொன்றிலும் வேண்டும். தளங்களின் பட்டியலைக் கலைத்துக் காட்டும் வசதி கூகுள் படிவத்தில் உண்டு. அதைப் போட்டுவிடுங்கள், முதலில் இருப்பதையே அழுத்தும் பழக்கம் சமமாகும்.

வெளியிடும் முன் 5 முதல் 8 பேரை உங்கள் எதிரே நிரப்பச் சொல்லி, எங்கே விரல் தயங்குகிறது என்று பாருங்கள். திருத்த வேண்டியது கண்டிப்பாக இருக்கும்.

எப்போது, எங்கே பகிர்வது?

தைப்பூச வாரமும் தீபாவளி வாரமும் வேண்டாம். பத்துமலைக்கும் தண்ணீர்மலைக்கும் போகிறவர்கள் படிவம் நிரப்பமாட்டார்கள். எஸ்பிஎம் தேர்வுக் காலத்தில் பதின்ம வயதினர் காணாமல் போவார்கள். மூன்று வாரம் திறந்து வைத்தால் போதும்.

ஒவ்வொரு வழிக்கும் தனி இணைப்புக் கொடுங்கள்: புலனத்துக்கு ஒன்று, இன்ஸ்டகிராமுக்கு ஒன்று, பல்கலைக்கழக மொழிக் கழகத்துக்கு ஒன்று. பிறகு வழிவாரியாக விடைகளைப் பிரித்துப் பாருங்கள். மூன்று வழியிலும் ஒரே திசையில் இருக்கும் முடிவுகளை ஓரளவு நம்பலாம். ஒரு வழியில் மட்டும் தெரிவது, அந்தக் குழுவின் குணம்.

பரிசுக்கூப்பன் அறிவித்தால் பொய் விடைகள் வரும். ஒரே நிமிடத்தில் பல பதில்கள், திறந்த கேள்விக்குச் சொல் பிசகாத ஒரே பதில் ஆகியவை அடையாளம். 10 வெள்ளிக் கூப்பனுக்காகத் தரவு முழுவதும் கெடுவதைவிடப் பரிசு இல்லாமல் குறைந்த பதில் வாங்குவது மேல்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் கேட்கலாமா?

வாட்பேடும் ஏஓ3-யும் 13 வயதிலிருந்தே கணக்கு அனுமதிப்பதால், பதின்ம வயதினர் கட்டாயம் வருவார்கள். மலேசியச் சட்டப்படி 18 வயதில்தான் ஒருவர் வயது வந்தவராகிறார். மலாயாப் பல்கலைக்கழகத்திலோ மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ ஆய்வேடாகச் செய்தால், தரவு சேகரிக்கும் முன் அங்குள்ள ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும்; 18-க்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலையும் கேட்பார்கள். தான் எழுதுவதை வீட்டில் சொல்லாத பிள்ளைக்குப் பெற்றோர் கையெழுத்து என்பது பெரிய சுமை. அதனால் முதல் கணக்கெடுப்பை 18-க்கு மேல் மட்டும் வைத்து, அதை முடிவுகளில் தெளிவாக எழுதிவிடுவதே நடைமுறைக்கு ஏற்றது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிக நடவடிக்கைகளைக் குறித்தது. வாசகர் வட்டக் கணக்கெடுப்பு அதற்குள் வராமல் இருக்கலாம். பதிப்பகமோ நிறுவனமோ வணிகத்துக்காக நடத்தினால் வரும். அப்போது அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும்.

பாலியல் ஈர்ப்பு பற்றிய கேள்வியை மேலைநாட்டுக் கணக்கெடுப்புகளில் கேட்கிறார்கள். நாமும் கேட்கலாமா?

அந்த விடை இங்கே ஒருவருக்கு வீட்டிலும் வேலையிலும் சட்டத்திலும் தீங்கு கொண்டு வரலாம். உங்கள் ஆய்வுக் கேள்விக்கு அது இல்லாமல் முடியாது என்றால் மட்டுமே கேளுங்கள். கேட்டால் மின்னஞ்சல் சேகரிப்பை முழுவதும் நிறுத்துங்கள், "ஒருவர் ஒருமுறை" கட்டுப்பாட்டையும் எடுங்கள். அது கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், நிரப்புபவருக்கு அச்சம் வரும். ஊர், வயது, கல்லூரி மூன்றும் சேர்ந்தால் பட்டர்வொர்த்தில் ஒரே ஒருவரைச் சுட்டிவிடலாம். 5 பேருக்குக் குறைவான எந்தக் கட்டத்தையும் அச்சிடாதீர்கள். ஏஓ3 தன் 2021 தொகுப்பில் 5 முறைக்குக் குறைவாகப் பயன்பட்ட குறிச்சொற்களின் பெயரை மறைத்ததும் இதே அக்கறையில்தான்.

நிரல் எழுதித் தளத்திலிருந்து நேரடியாக இறக்கலாமா?

பேன்பிக்ஷன் நெட்டும் வாட்பேடும் தம் விதிகளில் தானியங்கி இறக்கத்தைத் தடுக்கின்றன. ஏஓ3-ல் இதற்கென நிரல் இடைமுகம் (ஏபிஐ) இல்லை. வேகமாகக் கேட்டால் 429 என்ற பிழையோடு நிறுத்திவிடும். விவரப் பட்டியல் மட்டும் தேவையென்றால், ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் 5 நொடியாவது இடைவெளி விடுங்கள். பக்கத்துக்கு 20 படைப்புகள் என்பதால் 1,000 படைப்புகளுக்கு 50 பக்கம், ஐந்து நிமிடத்துக்குள் முடியும். ஒரு தேடலில் 1,00,000-க்கு மேல் காட்டாது. பெரிய பட்டியலைத் தேதிவாரியாக உடைக்க வேண்டும்.

கதையின் வரிகளை இறக்க வேண்டாம். 2025-ல் சுமார் 12.6 மில்லியன் படைப்புகளை யாரோ மொத்தமாக இறக்கி, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கான தரவாகப் பொதுவில் ஏற்றியது தெரியவந்தபோது, பல எழுத்தாளர்கள் தம் கதைகளைப் பூட்டினார்கள். பொறுப்பான ஆய்வாளருக்கும் அந்தக் கதவு மூடியது. ஒரு வரியை மேற்கோள் காட்ட வேண்டுமென்றால் எழுதியவரிடம் கேளுங்கள். புனைபெயரைத் தவிர்த்தாலும், அந்த வரியைத் தேடுபொறியில் போட்டால் ஆள் கிடைத்துவிடுவார்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது திடீர் ஏற்ற இறக்கம் தெரிகிறதே?

வாசகர் மனம் மாறியது என்று எழுதும் முன் தளத்துக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2023 ஜூலை 10 அன்று இணையத் தாக்குதலால் ஏஓ3 முடங்கியது. அந்த வாரத்துப் பள்ளம் ஆர்வக் குறைவு அல்ல. பேன்பிக்ஷன் நெட் 2002-ல் வயது வந்தோருக்கு மட்டுமான பிரிவையே நீக்கியது. 2019 இறுதியில் யாகூ குழுக்களின் பழைய உள்ளடக்கம் அழிந்தது. இன்றைக்கு எண்ணும் "2003-ம் ஆண்டுக் கதைகள்" என்பவை, 2003-ல் எழுதியவற்றில் இன்றுவரை பிழைத்தவை மட்டுமே.

12 பேர்தான் பதில் தந்தார்கள். வீணா?

வீணல்ல, விழுக்காடு மட்டும் வேண்டாம். 12 பேரில் 9 பேர் தமிழில் எழுத விரும்புகிறார்கள் என்றால், குலுக்கித் தேர்ந்த மாதிரியாக இருந்தாலும் உண்மை அளவு 47 முதல் 91 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம். "75 விழுக்காடு" என்று எழுதாமல் "12 பேரில் 9 பேர்" என்று எழுதுங்கள். அந்த 12 பேருடன் அரைமணி நேரம் பேசி, எதனால் தமிழில் தொடங்கிப் பாதியில் விட்டார்கள் என்று கேட்டால், 400 படிவங்கள் சொல்லாததைச் சொல்வார்கள்.

முடிவை எந்த வடிவில் எழுதுவது?

உதாரணத்துக்கு, எண்கள் கற்பனை: "மார்ச் 3 முதல் 24 வரை மூன்று புலனக் குழுக்களிலும் ஓர் இன்ஸ்டகிராம் பக்கத்திலும் பகிர்ந்த படிவத்துக்கு, 18 வயதுக்கு மேற்பட்ட 146 பேர் தாமாக முன்வந்து பதில் தந்தனர். பினாங்குத் தீவு 41, செபராங் பிறை 28, கூட்டரசுப் பிரதேசம் 37, சிலாங்கூர் 40. இவர்களில் 63 பேர் கடந்த ஓராண்டில் ஒரு கதையாவது எழுதியுள்ளனர்." யார், எப்போது, எப்படி, எத்தனை பேர் என நான்கும் முதல் பத்தியிலேயே வந்துவிட்டன. பத்திரிகைக்கு அனுப்பும்போதும் இந்தப் பத்தியை வெட்ட வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தபின் மூலத் தரவை என்ன செய்வது?

பரிசுக்காகவோ பேட்டிக்காகவோ வாங்கிய தொலைபேசி எண்களைத் தனிக் கோப்பில் வைத்திருந்து, வேலை முடிந்த அன்றே அழித்துவிடுங்கள். பதில் தந்த நேரத்தின் மணி, நிமிடத்தை நீக்கித் தேதியை மட்டும் விடுங்கள். திறந்த பதில்களை ஒருவர் உட்கார்ந்து முழுவதும் வாசித்து, பெயர்களையும் பள்ளிகளையும் மறைக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. மீதமுள்ள சிஎஸ்வி கோப்பையும், கேள்விகள் மூன்று மொழியிலும் இருந்த வடிவத்தையும், நெடுவரிசைகளுக்கான விளக்கத்தையும் ஒரே அடைவில் போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். அடுத்த ஆண்டு ஈப்போவிலோ ஜொகூரிலோ ஒருவர் அதே கேள்விகளை அதே சொற்களில் கேட்டால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.